கீழ்வீட்டுக் கால்குலஸ்

சிதம்பரநாதனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. அபிராமபுரத்தில் அவர் குடியிருந்த தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பொறாமை என்று வந்துவிட்டால் அந்தத் தங்கத்தைக் கையால் பிடிக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டு குலை கூடுதலாகத் தள்ளினால் இவருக்கு மத்தியானச் சோறு இறங்காது. கூட வேலை பார்க்கிறவர் புதுச் சட்டை போட்டு வந்தால், "காலர் கொஞ்சம் பெரிசா இருக்கே" என்று ஒரு குத்துக் குத்தாமல் விடமாட்டார்.

ஊர் சாத்தான்குளம் பக்கம். அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி, முட்டி மோதிக் கணக்குப் படித்து, சென்னைக்கு வந்து ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். பி.எஸ்ஸி. முதலாண்டுப் பையன்களுக்குக் கால்குலஸ் எடுப்பது அவர்தான். அதில் லிமிட் என்கிற பாடத்தை அவர் நடத்தும்போது வகுப்பில் ஈ பறந்தாலும் கேட்கும். பையன்களுக்குப் புரிந்ததா என்பது வேறு விஷயம். அவர் கரும்பலகையில் எழுதுகிற அழகைப் பார்க்கவே பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யாதுரையின் மகள் சண்முகவடிவைக் கட்டிக்கொண்டார். பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்தி வைத்திருந்த பெண். பெண் பார்க்கப் போன அன்று வடிவு தலையைக் குனிந்துகொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என்னை மேல படிக்க விடுவீங்களா?"

"விடுறதென்ன, நானே சொல்லித் தாறேன்" என்றார் மாப்பிள்ளை. அய்யாதுரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வாக்கு மாறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தபால் வழியில் பி.ஏ. கணக்குக்குப் பணம் கட்டி, புத்தகம் வாங்கி, சாப்பாட்டு மேசையைத் துடைத்து எதிரில் உட்கார வைத்தார். அல்ஜீப்ரா ஓடியது. ஜியோமெட்ரி ஓடியது. லிமிட் வந்ததும் வண்டி நின்றது.

"ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா இருக்கும். எப்சிலான் எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, அதுக்கேத்த டெல்டாவை நாம கண்டுபிடிக்கணும். எழுது."

"அந்த எப்சிலானை யாருங்க குடுப்பாங்க?" என்று கேட்டாள் வடிவு.

"யாராவது குடுப்பான். நீ எழுதுளா!"

எழுதினாள். மறுநாளும் எழுதினாள். ஒரு வாரம் கழித்து, நோட்டில் கண்ணீர் விழுந்து மை பரவியது. சிதம்பரநாதனுக்கு ஆத்திரம் வந்தது. "ஒன் மண்டையில இது ஏறாது. துணி அளந்து போடுத குடும்பத்துல பொறந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். வடிவு புத்தகத்தை மூடி, பரணில் அண்டாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, உலை வைக்கப் போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் கால்குலஸ் பேச்சே இல்லை.

அப்படியிருக்கும்போதுதான், எழுபத்து நான்கில், கீழ்வீட்டுக்கு அஸ்மத்துன்னிசா குடி வந்தாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் அவளும் கணக்குதான் எடுத்தாள். நாற்பதை நெருங்கிய வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கட்டைக் குரல், வாயைத் திறந்தால் சிரிப்பு. அவள் தம்பி கலீமுல்லா அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் லிமிட்டே இல்லாமல் கால்குலஸ் நடத்திப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பாடங்களை, சைக்ளோஸ்டைல் செய்த உருட்டச்சுத் தாள்களாக அக்காவுக்கு அனுப்பிவைத்தான்.

துணி காயப் போடுகிற இடத்தில் இரண்டு பெண்களுக்கும் பேச்சு ஆரம்பித்தது. என்ன பேசினார்களோ, ஒரு நாள் வடிவு நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினாள்.

"கீழ அஸ்மத் அக்கா வேற மாதிரி சொல்லித் தாறாங்களாம். போய்ப் பாக்கட்டுமா?"

"போயேன். எனக்கென்ன வந்தது?" என்றார் சிதம்பரநாதன். எனக்கென்ன வந்தது என்று யாராவது சொன்னால் அவருக்கு என்னவோ வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

முதல் தகவல் முனியம்மாள் மூலம் வந்தது. மேல்வீடு, கீழ்வீடு இரண்டிலும் பாத்திரம் தேய்க்கிறவள் அவள். "இன்னா சார் இது, ரெண்டும் கணக்கு போட்டுகினு கீதுங்கன்னு பாத்தா ஒரே சிரிப்பா கீது! கணக்குல சிரிக்க இன்னா சார் கீது? எனக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல கணக்குன்னா அழுகதான் வரும்."

சிரிப்பா?  தம் எதிரில் உட்கார்ந்து அழுதவள் அங்கே போய்ச் சிரிக்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற சாக்கில் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். கீழ்வீட்டு முன்னறை ஜன்னல் படிக்கு நேர் எதிரே. பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எக்ஸ் கொஞ்சூண்டு நகருது. எவ்ளோ?" இது அஸ்மத்.

"டிஎக்ஸ்."

"அது பூஜ்யமா?"

"இல்லக்கா. பூஜ்யம்னா நகரவே இல்லைன்னு ஆயிரும். இது எந்த நம்பரைச் சொன்னாலும் அதைவிடச் சின்னது. ஆனா பூஜ்யம் இல்ல."

"சபாஷ். எக்ஸ் ஸ்கொயர் எவ்ளோ வளந்துச்சு?"

பென்சில் ஓடுகிற சத்தம். "ரெண்டு எக்ஸ் டிஎக்ஸ், அதோட டிஎக்ஸ் ஸ்கொயர்."

"டிஎக்ஸால வகு."

"ரெண்டு எக்ஸ். மிச்சம் ஒரு டிஎக்ஸ் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அந்த மிச்சத்தை என்ன பண்றது?"

வடிவு தொண்டையைக் கனைத்தாள். அப்பா கடையில் துணி கிழிக்கிற ஆளின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, ராகம் போட்டுச் சொன்னாள்: "அது ஒங்களுக்காக ஒரு விரல் விட்டுக் கிழிச்சதும்மா! பில்லுல வராது!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜவுளிக்கடையில் துணி எடுத்தவர்களுக்கு இது தெரியும். அளவுகோலில் அளந்து முடித்த பிறகு, ஒரு விரல்கடை தள்ளித்தான் கத்தரியை வைப்பார்கள். அந்த ஒரு விரல் துணி பொய்யில்லை, கையால் தொடலாம். பில்லில் மட்டும் மூன்று மீட்டர் என்றுதான் இருக்கும். டிஎக்ஸை வடிவு அப்படிப் பிடித்துக்கொண்டாள். விடை எழுதும்போது, பக்கத்தில் நிற்கிற சாதாரண எண் எதுவோ அதை மட்டும் எழுதினால் போதும். இரண்டு எக்ஸ், அவ்வளவுதான். சிறுவயதிலிருந்து கடைக்குள் ஓடி விளையாடிய பெண்ணுக்கு இது புரியாமல் போகுமா?

சிதம்பரநாதன் ஒரே ஷூவுக்கு அரை டப்பா பாலிஷைத் தேய்த்திருந்தார். எதிர்வீட்டுக்காரர், "சார், கல்யாணத்துக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தார். "ஒரு கேள்வி. வகுக்கும்போது டிஎக்ஸ் பூஜ்யம் இல்லன்னு சொல்லுத. கடைசியில தூக்கிப் போடுத. ஒண்ணு பூஜ்யம்னு சொல்லு, இல்ல பூஜ்யம் இல்லன்னு சொல்லு. ரெண்டும் எப்படி?"

"தூக்கிப் போடலைங்க. அது அங்கதான் இருக்கு. விடைக்குப் பக்கத்து எண்ணை எழுதுறோம், அவ்வளவுதான்" என்று சொல்லி அவர் தட்டில் ரசம் ஊற்றினாள்.

"ஏமாத்து வேலை."

"அதுக்கு இப்போ ஒழுங்கா அஸ்திவாரம் போட்டுட்டாங்களாம். நம்ம சாதாரண எண்களுக்கு நடுவுலேயே இந்தச் சின்ன எண்களையும் வச்சு, எல்லா விதியும் சரியா வருதுன்னு நிரூபிச்சிருக்காங்களாம். அக்கா சொன்னாங்க."

அக்கா சொன்னாங்க! அந்த வார்த்தை அவருக்கு மிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது. வடிவு வாயிலிருந்து, "அவங்க சொன்னாங்க" என்று வந்தால் அது இவரைக் குறிக்கும். இத்தனை வருஷம் அப்படித்தான். இப்போது அந்த இடத்தில் ஒரு அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நாள் வடிவு கோயிலுக்குப் போயிருந்தபோது அந்த உருட்டச்சுத் தாள்களை எடுத்துப் பிரித்தார். தப்புக் கண்டுபிடிக்கத்தான். சிவப்புப் பேனாவைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டார். படிக்கப் படிக்கப் பேனா சும்மாவே கிடந்தது. தப்பு இல்லை. அது போதாதென்று, தெளிவாக வேறு இருந்தது. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தாம் முதல் வருஷம் எப்சிலானையும் டெல்டாவையும் கட்டிக்கொண்டு அழுதது ஞாபகம் வந்தது. ஆமாம், இவரும் அழுதவர்தான்! ஒன்றும் புரியாமல் வரி வரியாக மனப்பாடம் செய்து பாஸ் பண்ணி, பையன்களுக்கு எடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒருவழியாக அது பிடிபட்டது. தலைமுடி கொட்டியது அந்த வருஷங்களில்தான். நான் ரத்தம் சுண்டப் படித்ததை இவள் சிரித்துக்கொண்டே படித்துவிடுவாளா? எனக்கு இப்படி ஒருத்தர் சொல்லித் தரவில்லையே. வயிறு எரிந்தது அவருக்கு. தாள்களை இருந்த மாதிரியே மடித்து வைத்தார்.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் தி. நகரில் மாமனார் வீட்டு விசேஷம் வந்தது. எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது வடிவு சந்தோஷம் தாங்காமல், "அப்பா, எனக்குக் கால்குலஸ் வந்துருச்சு!" என்றாள்.

அய்யாதுரைக்குக் கால்குலஸ் என்றால் மனுஷனா மருந்தா என்று தெரியாது. இருந்தாலும் மருமகன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "வராம என்ன செய்யும்? மாப்ளே சொல்லிக் குடுத்தா கல்லுக்கும் கணக்கு வரும்லா!"

சிதம்பரநாதன் அடக்கமாகச் சிரிக்க வாயெடுத்தார்.

"அவங்க இல்லப்பா. கீழ்வீட்டு அஸ்மத் அக்கா" என்றாள் வடிவு.

அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மைத்துனன் ஒருத்தன், "என்ன அத்தான், காலேஜுக்கு மட்டுந்தான் பாடமா?" என்று கேட்டான். அப்புறம் வந்த பாயசத்தை அவர் இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் வீட்டுச் சொந்தக்காரர் பஞ்சாட்சரம் தெருமுனைப் பால் பூத்தில் நின்றிருந்தார். சிதம்பரநாதன் தாமாகவே அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சாயங்காலமானா கீழ ஒரே பேச்சும் சிரிப்புமா இருக்கு சார். விடைத்தாள் திருத்த முடியலை."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தைப் பஞ்சாட்சரமே போட்டுக்கொண்டார். "நானும் யோசிச்சுக்கிட்டுதான் சார் இருக்கேன். தனியா இருக்கற பொம்பளை. அதுவும் அவங்க ஆளுங்களுக்கு ஏன் விட்டேன்னு தெருவுல நாலு பேர் கேக்கறாங்க. நீங்களும் சொல்லிட்டீங்க. சரி, பாத்துக்கறேன்."

ஐயோ, அதற்காகச் சொல்லவில்லை என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நல்ல பெண் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. விழுங்கிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், பாவி மனுஷன்.

மாதம் முடிவதற்குள் கீழ்வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. பெசன்ட் நகரில் ஹவுசிங் போர்டு வீடு ஒன்று கிடைத்திருக்கிறது, அங்கே காற்று நன்றாக வரும் என்று அஸ்மத் சொன்னாள். வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னும் லிமிட் பாடம் பாக்கி இருக்கேக்கா. பரீட்சையில அதைத்தானே கேப்பாங்க?"

"அதுக்குத்தான் மேல ஆள் இருக்காரே. அதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. போய் உக்காரு" என்றாள் அஸ்மத். மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிதம்பரநாதனுக்கு நியாயமாக வெட்கம் வந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்றுதான் வந்தது.

அன்றே மேசையைத் துடைத்தார். வடிவு எதிரில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் அழவில்லை. டிஎக்ஸ் புரிந்தவளுக்கு எப்சிலான் ஒன்றும் பூதமில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"புரியுதா?"

"புரியுதுங்க."

"ஏதாவது கேக்கணுமா?"

"இல்லங்க."

யார் எப்சிலான் குடுப்பா என்று முன்பு கேட்டாளே, அப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டாளா என்று இப்போது அவர் ஏங்கினார். கல்லூரியில் ஒருநாளும் சொல்லாத வேடிக்கைக் கதைகளை எல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை, வெட்கத்தை விட்டு, அந்தத் துணிக்கடைக்காரன் குரலில், "பில்லுல வராதும்மா!" என்றுகூடச் சொன்னார். வடிவு நிமிர்ந்து பார்த்தாள். மரியாதைக்கு உதட்டை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, மறுபடி எழுதக் குனிந்தாள். கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. இல்லாத ஒருத்தி மேல் பொறாமைப்படுவதற்கு வழி உண்டா? அந்த மனுஷனுக்கு உண்டு. இருந்தபோது பட்டதைவிட இப்போது அதிகம் பட்டார்.

எழுபத்தாறில் பரீட்சை எழுதி வடிவு பாஸ் செய்தாள். கணக்கில் முதல் வகுப்பு. சிதம்பரநாதன் லட்டு வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தார். "வீட்டுலயே கோச்சிங்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். சாயங்காலம் பஞ்சாட்சரம் மேலே வந்தார். லட்டை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"பாத்தீங்களா சார், அன்னிக்கு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. கீழ்வீட்டம்மாவைக் காலி பண்ண வச்சதும்தான் சத்தமில்லாம படிக்க முடிஞ்சுது. வர்ற மாசம் அங்க பேங்க் ஆபீசர் குடும்பம் வருது. ரொம்ப அமைதியானவங்க."

வடிவு காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். டம்ளரைப் பஞ்சாட்சரம் கையில் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் படியிறங்கும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, ஒரு டப்பாவில் லட்டுகளை எடுத்து வைத்தாள்.

"எங்களா கெளம்பிட்ட?"

"பெசன்ட் நகருக்கு. நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"அவங்களை யாரு கிளப்பினதுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒங்க வாயால சொல்லுங்க. இல்லன்னா இந்த வீட்டுல லட்டு எதுக்கு, பாஸ் எதுக்கு?" குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

பஸ் அடையாறு பாலத்தைத் தாண்டும்வரை வடிவு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலோரத்து ஊரூர் குப்பத்து மீன் வாடை வந்ததும் இறங்கினார்கள். இரண்டாவது மாடி. அஸ்மத் கதவைத் திறந்ததும் அந்தக் கட்டைக் குரலில், "பாஸா? முகத்தைப் பாத்தாலே தெரியுது!" என்று வடிவைக் கட்டிக்கொண்டாள். "உள்ள வாங்க சார். டீ போடறேன்."

டீ வந்தது. சிதம்பரநாதன் டம்ளரைத் தொடவில்லை. வடிவு அவரையே பார்த்தாள்.

"நான்... ஒரு விஷயம் சொல்லணும்மா. அந்தப் பஞ்சாட்சரத்துக்கிட்ட..."

"தெரியும் சார்" என்றாள் அஸ்மத். "காலி பண்ணுங்கன்னு சொன்ன அன்னிக்கே சொல்லிட்டார். மேல்வீட்டு சாரே புகார் பண்றார்னு."

வடிவு திகைத்துப் போனாள். "தெரியுமா? அப்போ எங்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ அவர் முன்னால போய் உக்காந்திருப்பியா? நீ அவரோட பேசியே இருக்க மாட்டே. பரீட்சைக்கு லிமிட் வேணும். கேள்வித்தாள் போடறவனுக்கு என் டிஎக்ஸைத் தெரியாது. அதை ஒழுங்கா நடத்தறதுக்கு இவரை விட்டா யாரு?" அஸ்மத் லட்டில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "எனக்கும் கோபம் வரலைன்னு நினைக்காதே. ராத்திரியெல்லாம் திட்டினேன் இவரை. ஆனா நீ பாஸ் பண்றது முக்கியம் இல்லையா?"

வடிவு அவளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கக்கூட இல்லை. அப்படி ஒரு பார்வை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பார்வைக்காகத்தான் சிதம்பரநாதன் மேசையைத் துடைத்தார், படியில் உட்கார்ந்தார், பால் பூத்தில் வாயைத் திறந்தார், திறக்க வேண்டிய நேரத்தில் மூடினார். அது அவர் கண் முன்னாலேயே வேறொருத்திக்குப் போனது. அவள் அதைச் சம்பாதித்தது எப்படி? இவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்து.

அப்போதும் அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒங்களைப் பாத்தா பொறாமையா இருக்கும்மா. அன்னைக்கும் அதான். இன்னைக்கும் அதான்."

"அதுவும் தெரியும் சார்" என்றாள் அஸ்மத். "டீ ஆறுது, குடிங்க."